ஏழாம் எண் வளைவில் பதினொரு பாட்டு

மயிலாடியில் சாலையோரம் உட்காருவதற்கு நல்ல கல் தேடி எவரும் அலைய வேண்டியதில்லை. மூக்கு பிசகிய நந்தியும், கை நீண்டுவிட்ட துவாரபாலகரும், செதுக்கும்போது கீறல் தென்பட்டதால் ஒதுக்கப்பட்ட பீடங்களும் சிற்பக்கூடங்களின் வேலியோரம் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றுள் ஒரு பீடத்தை, உடையவரிடம் அனுமதி பெற்றே, வளைவிலுள்ள புன்னை மரத்தடிக்கு நகர்த்தி வைத்தேன். காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை அதில் அமர்ந்திருப்பேன். முதுகு நோவுள்ளவர்களுக்கு ஏற்ற கல். இன்ஸ்பெக்டர் ஞானதாசன் அவர்களே, நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரும்படி தாங்கள் கேட்டதால் கல்லிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் நாராயணபெருமாள். அகவை அறுபத்து மூன்று. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றித் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். நீராடித் திருமண் இட்டுப் பெருமாளைச் சேவிக்காமல் ஒரு நாளும் வாயில் நீர் படவிட்டதில்லை. பழைய பாசுரங்கள் பெரும்பாலும் எனக்கு மனப்பாடம். அவற்றை ஓதி வருகையில் ஒரு குறை என் கருத்தை உறுத்தியது. நஞ்சுக்கும் சுரத்துக்கும் வயிற்று நோய்க்கும் முன்னோர் பாடி வைத்திருக்கிறார்கள். இருசக்கர வாகனத்துக்கு எவரும் பாடவில்லை. எனவே ஓய்வு பெற்ற முதலாண்டில் 'சாலைக் காப்புப் பதிகம்' என்ற பெயரில் பதினொரு விருத்தங்கள் பாடினேன். மூன்றாம் பாட்டின் முதலிரண்டு அடிகளை மட்டும் இங்கே தருகிறேன்.

வண்டியில் விரைந்து வளைவினில் வீழ்ந்து
மண்ணிடைப் புரண்டவர் தமக்குக்
கொண்டலின் வண்ணா குருதியை நிறுத்திக்
கொடுத்தருள் ஆவியை மீட்டே

முதல் பத்துப் பாட்டுகள் வேண்டுதல். பதினோராம் பாட்டில்தான், மரபின்படி, பாடியவன் பெயரும் கேட்டவர் பெறும் பயனும் வருகின்றன. ஆகவே பத்தோடு நிறுத்துவதென்பது, மருந்தை வாயில் ஊற்றிவிட்டு விழுங்கக் கூடாது என்று சொல்வதற்கு ஒப்பாகும். இதை மனத்தில் கொண்டால் பின்னால் நடந்தவை யாவும் தங்களுக்கு எளிதில் விளங்கும்.

பதிகத்தை அரங்கேற்ற முயலாமல் இல்லை. திருவிழாக் குழுவினர் வாணவேடிக்கைக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் இடையில் கால் மணி நேரம் ஒதுக்கினார்கள். ஒலிபெருக்கியை அணைத்துவிட்ட செய்தி, ஆறாம் பாட்டில்தான் எனக்குத் தெரிந்தது. நூலகத்தில் ஒரு மாலை படித்தேன். ஐவர் இருந்தனர். அவர்களுள் மூவர் செய்தித்தாள் படிக்க வந்தவர்கள், ஒருவர் நூலகர். ஐந்தாமவர் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று விடைபெற்றார். எனக்கு இதில் வருத்தம் ஏதுமில்லை. இக்காலத்து மக்களுக்குக் கால்கள் உண்டு, எழுந்து போய்விடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் டாக்டர் லீலாபாய் அம்மையார் தம் ஆராய்ச்சிக்குத் தொண்டர்களைத் தேடினார். விபத்தில் அடிபட்டவர் மருத்துவமனை வாசலை அடையும்முன், அவருக்கு யார், எப்போது, என்ன செய்கிறார்கள், அதனால் விளையும் நன்மை தீமை யாவை என்று அறிவதே ஆராய்ச்சியின் பொருள். மாவட்டத்தில் அடிக்கடி ஆள் விழும் பன்னிரண்டு வளைவுகளைத் தேர்ந்து, வளைவுக்கு ஒருவரை அமர்த்தினார்கள். எங்கள் வளைவு ஏழாம் எண். சிற்பக்கூடங்களின் கல்பொடி மழையில் கரைந்து சாலையில் படிவதால் அங்கே வழுக்கல் மிகுதி.

முதல் கூட்டத்தில் அம்மையார் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நம்ம ஊர்ல ஒருத்தன் விழுந்தா என்ன செய்யுதோம்? பத்து பேரு சேந்து தூக்குதோம். சோடா வாங்கிக் குடுக்கோம். ஆட்டோவுல மடக்கிப் போட்டுக் கொண்டு போறோம். பொழைக்கக் கெடந்தவன் போற வழியில போயிருதான். இனி அது வேண்டாம். கூட்டத்த விலக்குங்க. ஆள அசைக்காதீங்க. ரத்தம் வாற எடத்த அழுத்திப் புடிங்க. உடனே ஆம்புலன்ஸ விளிங்க. இந்த நாலும் போதும்."

இந்த நான்கில் மூன்றை நான் எள்ளளவும் வழுவாது கடைப்பிடித்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றும், கையுறை, கட்டுத்துணி, எலும்பு அசையாமல் கட்டுவதற்கான மட்டைகள், கழுத்துப் பட்டை ஆகியவை அடங்கிய பையும், ஒரு கைக்கடிகாரமும், படிவங்களும் வழங்கினார்கள். படிவத்தில் விபத்து நேர்ந்த நேரம், ஆம்புலன்ஸை அழைத்த நேரம், அது வந்த நேரம், நாடித்துடிப்பு இருமுறை எனப் பல கட்டங்கள். என் கையெழுத்தை அம்மையார் தனியே பாராட்டினார்.

முதலில் விழுந்தவர் மார்த்தாண்டம் பக்கத்து ஷிபு என்னும் இளைஞர். முழங்கால் சிராய்த்து மயங்கினாற்போல் கிடந்தார். நாடி பார்த்தேன், நூற்றுப் பதினெட்டு. தொலைபேசியை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு பாட்டு என்று தொடங்கினேன். அது முடிந்ததும் மீண்டும் பார்த்தேன், நூற்றுப் பத்து. இறங்குவதைக் கண்ட பிறகு நிறுத்துவது எந்த ஆராய்ச்சியாளருக்கும் அழகல்ல. நான்காம் பாட்டின் நடுவில் அவர் எழுந்தார்.

"சாரே, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் போறேன்."

"இன்னும் ஏழு பாட்டு இருக்கிறது, தம்பி."

"அய்யோ வேண்டாம் சாரே. சத்தியமா எனக்கு வலியே இல்ல."

முன்சக்கரம் சுழலாத வண்டியைச் சுசீந்திரம்வரை தள்ளிக்கொண்டே போனதாகக் கேள்வி. நான்கு பாட்டுக்கே மயக்கம் தெளிந்து ஒருவர் வண்டி தள்ளும் வலிமை பெறுகிறார் என்றால், பதினொன்றையும் கேட்டால் என்ன ஆவார் என்று எண்ணிப் பார்த்தேன். படிவத்தில் 'தானே எழுந்து நடந்தார்' என்று எழுதினேன். அது முழு உண்மை.

அடுத்தவர் டெல்வின் என்னும் மாணவர், கட்டைவிரல் பிசகியவர். இரண்டாம் பாட்டிலேயே ஓடினார். ஆளை அசைய விடக் கூடாது என்ற விதியை நான் போதிய அளவு மதிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் விழுந்தவர் எவராயினும், அடி எங்கே பட்டிருந்தாலும், முதல் வேலையாக இரண்டு கால்களையும் மட்டை வைத்துக் கட்டினேன்.

கோட்டாற்றுத் துணி வணிகர் சலாஹுதீன் அவர்களுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மிகப் பண்பானவர்.

"அய்யா, எனக்க தோளுதான் வலிக்கு. காலுக்கு ஒண்ணுமில்லியே?"

"ஆராய்ச்சியின் விதி" என்றேன்.

அவர் வேறு சமயத்தவர் என்பதால் பெருமாளின் திருநாமங்கள் வரும் இடங்களில் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஆறு பாட்டுவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நல்ல குரலு அய்யா உங்களுக்கு. மீதிய ஆம்புலன்ஸ் வந்த பொறவு கேட்டுக்கிடலாமே?" என்றார். நயமான யோசனைதான். ஆனால் ஆம்புலன்ஸில் நிறுத்தி நிதானமாகப் பாட இடமில்லை. எட்டாம் பாட்டில், அவ்வழியே வந்த அவருடைய மருமகன் அமீன், என் எதிர்ப்பையும் மீறி அவரை ஆட்டோவில் ஏற்றினார். மட்டை கட்டிய கால்கள் மடங்காததால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கோட்டாறுவரை அப்படியே போனார்கள். எதிரே வந்த பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டனவாம்.

மற்றவர்கள் ஏன் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை என்று தாங்கள் கேட்டீர்கள். என் ஆரஞ்சுச் சட்டையே அதற்குக் காரணம். சட்டையும் படிவமும் உள்ள ஒருவர் குனிந்து நிற்பதைக் கண்டால் நம் மக்கள், வேண்டியதை அவர் செய்திருப்பார் என்று நம்பிக் கலைந்துவிடுகிறார்கள். எதிர்ச்சாரியில் சாயாக்கடை வைத்திருக்கும் தாணம்மாள் மட்டும் ஒவ்வொரு முறையும், "விளிச்சாச்சா வேய்?" என்று குரல் கொடுப்பார். பாட்டின் இடையில் உரைநடை புகக் கூடாதாகையால் நான் தலையை மட்டும் அசைப்பேன். பொய் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

நேரக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிகத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் பிடிக்கும். அதைப் படிவத்தில் எங்கே காட்டுவது என்று முதலில் குழம்பினேன். என் பழைய அலுவலகப் பயிற்சி கைகொடுத்தது. இருவர் வீட்டில் உட்கார்ந்து நிலத்தைக் கைமாற்றிக்கொண்டதாகப் பேசி முடித்தால், அது பேச்சுதான். பத்திரம் அலுவலர் முன்னிலைக்கு வரும்போதுதான் கைமாற்றம் எங்கள் பதிவேட்டில் ஏறுகிறது. விபத்துக்கும் அதுவே முறை என்று கொண்டேன். ஒருவர் தரையில் விழுவது ஒரு நிகழ்ச்சி, அவ்வளவே. பதிகம் நிறைவுற்றோ இடையில் முறிந்தோ, நான் பேனாவைத் திறக்கும் கணத்தில் அது விபத்தாகிறது. அந்த நேரத்தையே எழுதினேன். அடுத்த நிமிடமே ஆம்புலன்ஸை அழைத்தேன்.

ஆகஸ்டு மாதக் கூட்டத்தில், மற்ற வளைவுகளில் அழைப்புக்குச் சராசரியாகப் பதினொரு நிமிடம் ஆவதாகவும், ஏழாம் வளைவில் ஒரே நிமிடம் என்றும், அங்கே நாடித்துடிப்பும் வியப்பூட்டும் வகையில் சீராவதாகவும் அம்மையார் அறிவித்தார். நான்காம் வளைவுத் தொண்டர் செல்வன் என் விலாவில் இடித்தார்.

"எங்க வளைவுல போனு கெடைக்கதுக்கே அஞ்சு நிமிசம் ஆவுது. உமக்கு மட்டும் பெருமாளு தனியா டவர் வச்சுத் தந்திருக்காரா வேய்?"

"எல்லாம் ஒழுங்குதான்" என்றேன்.

செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு வளைவுத் தொண்டர்களுக்கும் என் முறையை நானே கற்பிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பதிகத்தை ஐந்நூறு பிரதி அச்சிட்டேன். பன்னிரண்டு வளைவுகளில் பன்னிரண்டு குரல்கள். அந்த வாரம் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. எனினும் ஒரு குறை இருந்தது. ஏழு மாதங்களில் பத்தொன்பது பேர் விழுந்திருந்தும், பதினோராம் பாட்டுவரை ஒருவரும் இருந்ததில்லை. எவரும் முழுதாகக் கேட்டறியாத ஒன்றைப் பிறர்க்கு எப்படிக் கற்பிப்பது?

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய செவ்வாயன்று காலை ஏசுஅடிமை வந்தார்.

கன்னியாகுமரியிலிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டி மயிலாடிச் சந்தைக்கு மீன் கொண்டுவருபவர். தலையில் கட்டிய துவர்த்துத் துண்டுக்குள் கைப்பேசியைச் செருகி, மனைவியிடம் பேசிக்கொண்டே ஓட்டுவது அவர் வழக்கம் என்று பிறகு அறிந்தேன். கல்பொடியில் சறுக்கினார். வண்டியும் பெட்டியும் அவருடைய வலது காலின்மேல், முழங்காலுக்குக் கீழே விழுந்தன. சாளை மீன்கள் சாலையெங்கும் சிதறின. இரத்தம் வந்தது. கணிசமாகவே வந்தது.

"பாட்டா, பெட்டிய எடும். எனக்க காலு..." என்று, தாத்தாவை அழைப்பதுபோல் என்னை அழைத்தார்.

கல்லூரி மாணவர்கள் இருவர் பெட்டியைத் தூக்க ஓடிவந்தார்கள். அசைக்கக் கூடாது என்று விதியை எடுத்துச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தேன். கட்டுவதற்கு மட்டை தேவைப்படவில்லை. கையுறை அணிந்து, அவர் கையைப் பற்றி, பாடத் தொடங்கினேன்.

"ஆம்புலன்ஸ விளியும் பாட்டா."

தலையசைத்தேன். நான்காம் பாட்டு வந்தது. வழக்கமாக எழுந்து போகும் இடம். அவர் எழவில்லை. ஐந்து, ஆறு. சலாஹுதீன் அவர்களின் எட்டும் கடந்தது. இருக்கிறார். ஐயா, முப்பத்தோராண்டு அரசுப் பணியிலும் நான் அடையாத நிறைவு அது. ஒன்பதாம் பாட்டில் அவர் கண்களை மூடிக்கொண்டார். 'மனம் ஒன்றினார்' என்று படிவத்தின் ஓரத்தில் குறித்தேன். மருத்துவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள். பதினோராம் பாட்டை, என் பெயர் வரும் கடைசி அடியை, இருமுறை பாடி நிறைவு செய்தேன். மணி ஏழு இருபத்து நான்கு. ஏழு இருபத்தைந்துக்கு ஆம்புலன்ஸை அழைத்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் வந்துவிட்டது. அந்த ஊழியர்கள் திறமைசாலிகள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நான்கில் மூன்று விதிகளைக் கடைப்பிடித்ததாக மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இரத்தத்தை அழுத்திப் பிடிக்க வேண்டிய கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை, ஆராய்ச்சியின் கள அலுவலர் ஜின்சி என்னை மருத்துவமனைக்கு அழைத்தாள். அறுவை அறைக்கு வெளியே ஏசுஅடிமையின் மனைவி விக்டோரியா, சுவரில் சாய்ந்து தரையில் இருந்தார். நான் "வணக்கம், அம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"ஏட்டி ஜின்சி" என்று அவர் எழுந்து நின்றார். "இந்தக் குரலுதாம்டி."

ஜின்சி விக்டோரியாவின் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். செவ்வாய் காலை ஆறு ஐம்பத்தொன்பதுக்கு வந்த அழைப்பு, இருபத்து நான்கு நிமிடம்.

"பேசிக்கிட்டே வந்தாரு" என்றார் விக்டோரியா. "தடால்னு ஒரு சத்தம். ஐஸ் பெட்டிய கீழ போட்டுட்டாருன்னு நெனச்சேன். மாசத்துக்கு ரெண்டு தடவ கீழ போடுவாரு. பொறவு பாட்டு மட்டுந்தான் கேக்குது. மீன் விக்கப் போன மனுசன் கோயிலுக்குள்ள என்ன செய்யுதாருன்னு எனக்குக் கோவம். நீரு வீட்டுக்கு வாரும், ஃபாதருகிட்ட சொல்லி உம்ம என்ன செய்யுதேன் பாரும்னு, ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் நான் கத்துதேன். சார்ஜ் தீந்து கட்டாவுற வரைக்கும் ஏசிட்டே இருந்தேன் சாரே. அவரு அங்க சாவக் கெடக்காரு. நான் ஏசிட்டு இருந்தேன்."

பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

"சார்" என்றாள் ஜின்சி. "உங்க படிவத்துல அவரு ஏழு இருபத்தி நாலுக்கு விழுந்திருக்காரு. இந்த அக்கா ஏழு ரெண்டுக்கே விழுந்த சத்தத்தக் கேட்டிருக்கா. உங்க கணக்குப்படி அவரு விழுகதுக்கு முன்னாலயே போனு செத்துப் போச்சு. இது எப்படி சார்?"

பதிவு அலுவலக முறையை அவளுக்கு விளக்கினேன். முழுவதையும் கேட்டாள். இந்தத் தலைமுறையில் அது அரிது.

"சரி சார். துவர்த்துல இருந்த போனு தெறிச்சு அவரு கைக்கிட்டதான் விழுந்திச்சுன்னு டீக்கடை அம்மா சொல்லுதா. ஆம்புலன்ஸ்காரங்க எடுத்தது உங்க பைக்கு மேல இருந்து. அது எப்படி அங்க வந்துது?"

அன்று அவளுக்கு நான் விடை சொல்லவில்லை. தங்களுக்குச் சொல்கிறேன், ஏனெனில் இது வாக்குமூலம்.

ஏழாம் பாட்டின்போது ஏசுஅடிமை இடக்கையை நீட்டி அந்தக் கைப்பேசியை எட்ட முயன்றார். நான்கு விரற்கடை தூரமே இருந்தது. விரல் நுனி அதைத் தொட்டுவிட்டது. அவர் அதை எடுத்துப் பேசினால் ஆம்புலன்ஸ் வந்துவிடும், வந்தால் ஏழாம் பாட்டோடு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். தாளம் தவறாமல் குனிந்து அதை எடுத்து, என் பக்கத்திலிருந்த முதலுதவிப் பையின்மேல் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். "பாட்டா" என்று மட்டும் சொன்னார். நான் எட்டாம் பாட்டைத் தொடங்கினேன். அந்தக் கைப்பேசிக்குள் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்திருந்தால் இன்னும் சற்றுத் தெளிவாகப் பாடியிருப்பேன்.

அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருபது நிமிடம் முன்னதாக வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் அதை மறுக்கவில்லை. அந்த இருபது நிமிடத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். வேறெவருக்கும் இதில் பங்கில்லை. சனிக்கிழமைப் பயிற்சி கைவிடப்பட்டதையும், ஐந்நூறு பிரதிகளைத் தாங்கள் கைப்பற்றியதையும் நான் மனமார ஏற்கிறேன். தண்டனை எதுவாயினும் மேல்முறையீடு செய்யப்போவதில்லை. விக்டோரியா அம்மையாரின் வாக்குமூலத்தில் 'யாரோ ஒரு கெழவரு என்னமோ பாடிக்கிட்டு இருந்தாரு' என்ற வரி இருப்பதாகக் கேள்வி. அதைத் திருத்தும்படியும் நான் கேட்கவில்லை. நான் புகழை விரும்புகிறவன் அல்லன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. ஏசுஅடிமை ஒன்பதாம் பாட்டில் நினைவிழந்துவிட்டார் என்று மருத்துவர்கள் உறுதிப்படுத்துவதால், அவர் கேளாத இரண்டு பாட்டுகள் எஞ்சியிருக்கின்றன. இவ்வளவு இழந்தவருக்குப் பயன் கிட்டாமல் போவது நியாயமல்ல. மாலை நான்கு மணி முதல் ஆறு மணிவரை பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். காவலர் ஒருவரோடு என்னை அங்கே அனுப்பினால் நான்கே நிமிடத்தில் முடித்துவிடுவேன். அவர் இன்னும் இரண்டு மாதத்துக்குப் படுக்கையிலிருந்து எழ மாட்டார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.